கசட்டுக்கு ஞாபகம் இல்லை

பக்மேன் திரையில் 240 சின்னப் புள்ளிகளும் 4 பெரிய புள்ளிகளும் இருக்கின்றன. மொத்தம் 244. ஒன்றும் விடாமல் எல்லாத்தையும் பொறுக்கினால்தான் கட்டம் முடியும். முடிந்த கையோடு திரை ஒருக்கா மின்னும். பிறகு பார்த்தால் அதே பாதை, அதே இடங்களில் அதே 244 புள்ளிகள். இவ்வளவு நேரமும் பொறுக்கினதில் ஒன்றுகூடக் கையில் மிஞ்சாது.

பழைய வீடியோ கேம்களைச் சேர்க்கத் தொடங்கின பிறகு இந்த விஷயம் எங்களுக்கு அடிக்கடி ஞாபகம் வரும். நாங்கள் நாலு பேர், எல்லாரும் கலைப்பீடம். ஒன்றரை வருசமாகப் பழைய 'டிவி கேம்' கசட்டுகளைத் தேடித் திரிகிறோம். கையில் இருப்பது 41 கசட், வேலை செய்கிற மெஷின் இரண்டு, வேலை செய்யாதது மூன்று, பின்பக்கம் பெருத்த பழைய டிவி ஒன்று. இதைப் பார்க்கிற ஆக்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதெல்லாம் கள்ளக் கொப்பிதானே, சேர்த்து வைச்சு என்ன செய்யப் போறியள்?"

நியாயமான கேள்வி. எங்களுக்குள்ளேயே இதில் சண்டை வந்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டுமென்றால் விளையாட்டிலிருந்தே தொடங்க வேணும்.

பக்மேனைச் செய்தவர் தோரு இவாத்தானி. 1977இல் ஜப்பானின் நம்கோ நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் காலத்து கேம் சென்டர்கள் ஆம்பிளைப் பெடியள் கூடுகிற இடமாகத்தான் இருந்தன. 1978இல் டைட்டோ நிறுவனத்தின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்தபிறகு எங்கே திரும்பினாலும் சுடுகிற விளையாட்டுதான். வேற்றுக்கிரக ஆக்களைச் சுடு, கப்பலைச் சுடு, சுட்டுக்கொண்டே இரு. இவாத்தானி யோசித்தது வேறு. பொம்பிளைப் பிள்ளைகளும் சோடியாக வருகிற ஆக்களும் வந்து நின்று விளையாடக்கூடியது என்ன? அவர் பிடித்துக்கொண்ட சொல் 'சாப்பிடுவது'. சாப்பிடுவதை வைத்து ஒரு விளையாட்டு.

வட்டமான உடம்பில் ஒரு துண்டு வெட்டினால் வாய். ஒரு துண்டு எடுத்த பீட்சாவைப் பார்த்துத்தான் இந்த உருவம் வந்தது என்று ஒரு கதை உண்டு. இவாத்தானியே அது பாதி உண்மை என்றிருக்கிறார். ஜப்பானிய எழுத்தில் வாயைக் குறிக்கிற சதுரத்தை உருட்டி வட்டமாக்கியதும் சேர்ந்துதான் அந்த உருவமாம். பெயரும் வாயிலிருந்து வந்ததுதான். வாயைத் திறந்து மூடிச் சாப்பிடுகிற சத்தத்தை ஜப்பானில் 'பக்கு பக்கு' என்பார்கள். நாங்கள் 'லபக் லபக்' என்று சொல்வோமே, அது மாதிரி. முதலில் வைத்த பெயர் பக்-மேன் என்றாலும், அதை ஆங்கிலத்தில் எழுதின முறை வேறு. அமெரிக்காவுக்குப் போகும்போது, யாராவது குறும்புக்கு முதல் எழுத்தைச் சுரண்டினால் கெட்ட வார்த்தையாகிவிடும் என்று பயந்து எழுத்தை மாற்றினார்கள். 1980 மே 22ஆம் திகதி டோக்கியோவின் ஷிபுயாவில் ஆக்களுக்கு முன்னால் வைத்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள். அந்த வருசமே ஜப்பானிலும், மிட்வே நிறுவனத்தின் மூலம் அமெரிக்காவிலும் வெளிவந்தது.

இந்த வரலாற்றை நெட்டில் எங்கேயும் வாசிக்கலாம். எங்களை இழுத்தது பேய்கள்.

சின்ன வயசில் விளையாடும்போது நாலு பேயும் கண்டபடி ஓடித் திரியுது என்றுதான் நினைத்தோம். அப்படியில்லை. நாலு பேருக்கும் நாலு குணம். சிவப்பு, பிளிங்கி, நீங்கள் நிற்கிற கட்டத்தையே குறிவைத்துத் துரத்தும். றோஸ் நிறப் பிங்கி உங்களைத் துரத்தாது. நீங்கள் பார்க்கிற திசையில் நாலு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நீலம், இங்கி, எங்கே போகும் என்று சொல்லவே ஏலாது. காரணம், அது உங்களையும் பார்க்கும், சிவப்பையும் பார்க்கும். உங்களுக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு இடத்தை எடுத்து, சிவப்பிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டை இரட்டிப்பாக நீட்டினால் எங்கே முடியுமோ அதுதான் அதன் குறி. அதனால் சிவப்பு கிட்ட வரவர இங்கியும் கிட்ட வரும். கடைசி ஆள் செம்மஞ்சள், கிளைட். எட்டுக் கட்டத்துக்கு அப்பால் நின்றால் சிவப்பு மாதிரியே நேராக வரும். எட்டுக்குள் வந்தவுடனே மனம் மாறி, கீழே இடப்பக்க மூலைக்குத் திரும்பிவிடும். 'வெருட்டிப்போட்டு ஓடுறவன்' என்று எங்களில் ஒருத்தி பெயர் வைத்திருக்கிறாள்.

இதுக்கு மேல் இன்னொரு ஒழுங்கும் இருக்கிறது. பேய்கள் எந்த நேரமும் துரத்துவதில்லை. முதல் கட்டத்தில் 7 விநாடி தங்கள் தங்கள் மூலைகளுக்குப் போகும், பிறகு 20 விநாடி துரத்தும், திரும்ப 7, திரும்ப 20, பிறகு 5, பிறகு 20, கடைசியாக 5. அதுக்குப் பிறகு ஓய்வே இல்லை. நாலு பேயும் ஒரே நேரத்தில் சடாரென்று திரும்பினால், மனநிலை மாறிவிட்டது என்று அர்த்தம். விடாமல் துரத்திக்கொண்டே இருந்தால் ஆக்களுக்கு மூச்சு முட்டும், இடையில் விட்டுக் கொடுத்தால்தான் திரும்பத் துரத்தும்போது சுவாரசியம் என்பதுதான் யோசனை. வாத்தியார் வேலை பார்க்கிற யாருக்கும் இந்தக் கணக்கு விளங்கும்.

பேய்களின் நிறத்துக்கும் ஒரு கதை. நம்கோவின் தலைவர் மசாயா நக்காமுரா எல்லாப் பேயும் சிவப்பாகவே இருக்கட்டும் என்றாராம். இவாத்தானி ஒப்பவில்லை. நிறம் வேறென்றால்தான் குணம் வேறென்று விளையாடுகிறவருக்குத் தெரியும். அவர் விட்டுக்கொடுத்திருந்தால் பிளிங்கியும் கிளைடும் எங்களுக்கு ஒரே ஆளாகத்தான் தெரிந்திருப்பார்கள்.

இவ்வளவையும் செய்தது 3 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடுகிற ஒரு இசட்-80 சிப். விளையாட்டின் முழு நிரலும் 16 கிலோபைட்டுக்குள் அடங்கும். நீங்கள் வட்சப்பில் அனுப்புகிற ஒரு படத்தின் அளவுகூட வராது. அதில் எந்தப் பேயும் தற்செயலாகத் துரத்துவதில்லை. நீங்கள் ஒவ்வொரு தடவையும் அச்சொட்டாக ஒரே மாதிரித் திரும்பினால் பேய்களும் ஒரே மாதிரித்தான் திரும்பும். இதைக் கண்டுபிடித்த ஆக்கள் 1980களின் தொடக்கத்திலேயே பாதைகளை மனப்பாடம் செய்தார்கள், வரைந்து புத்தகமாகவும் போட்டார்கள். கால் பழகின ஒழுங்கையில் இருட்டில் நடக்கிற மாதிரித்தான்.

பாதைக்கு முடிவும் உண்டு. 256ஆவது கட்டம். கட்ட எண்ணை எழுதி வைக்கிற இடம் 8 பிட், அதில் 255க்கு மேல் எழுத முடியாது. அடுத்த எண் வந்தவுடனே அது பூச்சியமாகிவிடும். கீழே பழங்களை வரைகிற பகுதி அதைப் பார்த்துக் குழம்பி 256 பழம் வரையப் போகும். இடப்பக்கப் பாதி ஒழுங்காக இருக்க, வலப்பக்கப் பாதி முழுக்க எழுத்தும் இலக்கமுமாகச் சிதறிப் போகும். அந்தப் பாதியில் பொறுக்கக்கூடிய புள்ளிகள் போதாது, அதனால் கட்டத்தை முடிக்கவே ஏலாது. அதுவரைக்கும் ஒரு உயிரும் விடாமல், ஒரு பழமும் விடாமல், நீலமான பேய் ஒன்றும் விடாமல் வந்து, கடைசிப் பாதியையும் பொறுக்கி முடித்தால் கிடைக்கிற உச்ச எண்ணிக்கை 3,333,360. அதை முதலாவதாக எட்டினது 1999இல். விளையாட்டு வந்து 19 வருசத்துக்குப் பிறகு.

சேகரிப்பு என்று நாங்கள் முதலில் விளங்கிக்கொண்டது இதைத்தான். ஒரு மெஷினுக்குள் இருக்கிற நாலு பேயின் குணத்தை ஆக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். விளையாடாமல் அது கிடைக்காது.

இப்ப கசட்டுக்கு வருவம்.

ஆர்கேட் பக்மேன் ஆளுயர மரப்பெட்டி, காசு போட்டால் ஓடும். எங்கட அப்பா அம்மா காலத்தில் இங்கே அது வந்து நின்று நாங்கள் கேள்விப்பட்டதில்லை. வடக்கில் 1990க்குப் பிறகு வருசக்கணக்காக மின்சாரமே இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டார்கள். உலகமெல்லாம் வீடியோ கேமில் வளர்ந்த அந்தத் தலைமுறை எங்கட பக்கம் வேறு சத்தம் கேட்டு வளர்ந்தது.

எங்களிட்டை பக்மேன் வந்தது சுற்றுப்பாதையால். நின்டெண்டோ 1983 ஜூலையில் ஃபமிகொம் என்ற வீட்டு மெஷினை ஜப்பானில் விற்கத் தொடங்கியது. அடுத்த வருசமே நம்கோ பக்மேனை அதுக்கு ஏற்ற கசட்டாகச் செய்தது. ஆர்கேட்டின் திரை நிமிர்ந்தது, வீட்டு டிவி படுத்தது. அதனால் பாதையைக் கொஞ்சம் அமுக்கி, ஸ்கோரைப் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு ஃபமிகொமை அப்படியே பார்த்துச் செய்த மலிவு மெஷின்கள் ஆசியா முழுக்கப் பரவின. அதுதான் எங்கட வீடுகளில் இருந்த 'டிவி கேம்'. நின்டெண்டோ என்ற பெயரே தெரியாமல் அதை விளையாடினோம். மஞ்சள் கசட், நீலக் கசட், மேலே ஒட்டின படத்தில் உள்ளுக்கு இல்லாத விளையாட்டு. 'ஒரு கோடி விளையாட்டு' என்று எழுதியிருக்கும், எண்ணிப் பார்த்தால் இருபதோ முப்பதோதான். மிச்சமெல்லாம் அதே விளையாட்டு வேறு பெயரில், வேறு நிறத்தில்.

எங்களிட்டை இருக்கிற 41இல் 11 கசட்டில் பக்மேன் இருக்கிறது. 11 தடவையும் பெயர் ஒரே மாதிரி எழுதப்படவில்லை. ஒன்றில் தொடக்கத் திரையில் நம்கோவின் பெயரையே அழித்திருக்கிறார்கள். ஒன்றில் பக்மேன் பச்சை. ஒரு கசட்டுக்குள் அதே பக்மேன் மூன்று தடவை, மூன்று இலக்கத்தில். வாங்கின விலை 50 ரூபாவிலிருந்து 400 ரூபா வரை. பாதிக்கு மேல் சும்மா தந்தவை. பழைய சாமான் கடை, அலுமாரிக்கு மேல், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்த தகரப்பெட்டி. கசட்டின் உலோகப் பல்லை வாயால் ஊதக்கூடாது என்பதை இந்த ஒன்றரை வருசத்தில் படித்துக்கொண்டோம். ஊதுவதால் ஈரம் போய்ப் பல் கறுக்கும். முன்னம் ஊதினபிறகு வேலை செய்தது ஊதினதால் இல்லை, கழற்றித் திரும்பச் செருகினதால். இப்ப பஞ்சும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும்தான்.

கள்ளக் கொப்பிதான். மறுக்க முடியாது. நம்கோவுக்கோ இவாத்தானிக்கோ இதில் ஒரு சதமும் போகவில்லை. எங்களில் ஒருத்தன் இதைப் பெரிய விஷயமாகத்தான் எடுத்தான். "உழைச்சவன்ர பெயரை அழிச்ச சாமானை வரலாறு எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டான். அவனுடைய கேள்வியை ஒதுக்கிப்போட்டு இந்தச் சேகரிப்பைத் தொடர ஏலாது என்று நினைத்தோம். அதனால் தேடி வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க, அசல் எது, கொப்பி எது என்பது முன்னம் நினைத்த அளவுக்கு நேர்க்கோடாக இல்லை.

மிஸ் பக்மேனை எடுங்கோ. ஆர்கேட் வரலாற்றின் மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்று. அதைச் செய்தது நம்கோ இல்லை. அமெரிக்காவில் படிப்பை இடையில் விட்ட பெடியள் சேர்ந்து நடத்தின ஜெனரல் கொம்பியூட்டர் என்ற சின்னக் கம்பனி, பக்மேன் மெஷினுக்குள் செருகி விளையாட்டை மாற்றுகிற ஒரு பலகையைத் தாங்களாகவே செய்தது. 'கிரேசி ஒட்டோ' என்று பெயரும் வைத்தார்கள். பிறகு அதை மிட்வேயிடம் கொண்டுபோய்க் காட்டி, அது 1982இல் மிஸ் பக்மேனாக வெளிவந்தது. அனுமதி கேட்காமல் தொடங்கின வேலை, பிறகு குடும்பத்துக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

மற்றப் பக்கம், முறைப்படி உரிமை வாங்கிச் செய்த அற்றாரி 2600 பக்மேன். அதே 1982. 70 இலட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் பேய்கள் விட்டுவிட்டு மின்னும், புள்ளிகள் எல்லாம் கோடுகளாக மாறியிருக்கும், சத்தமும் வேறு. வாங்கின ஆக்கள் ஏமாந்து போனார்கள். விற்றதை விட இன்னும் பல இலட்சம் கூடவே செய்து வைத்திருந்தார்கள். அடுத்த வருசம் அமெரிக்காவின் வீட்டு வீடியோ கேம் சந்தை விழுந்தபோது, அற்றாரி தன்ர கசட்டுகளை லொறி லொறியாகக் கொண்டுபோய் நியூ மெக்சிக்கோவின் அலமோகோர்டோ என்ற ஊரில் குப்பைக் கிடங்கில் புதைத்தது. 2014 ஏப்ரலில் அதைத் தோண்டி எடுத்தார்கள். எடுத்ததில் சில இப்ப அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அசல் சாமானைச் செய்தவனே புதைத்தான், பிறகு வேறு ஆக்கள் தோண்டிக் கண்ணாடிக்குள் வைத்தார்கள்.

கண்ணாடிக்குள் வைப்பது ஒரு வகைச் சேகரிப்பு. 2021 ஓகஸ்டில் பிரிக்கப்படாத ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கசட் 20 இலட்சம் டொலருக்குப் போனது. அதுக்கு முந்தின மாதம் பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 இலட்சத்துக்கு மேல். இப்படிப்பட்ட சாமானுக்குப் புள்ளி போட்டு, தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துக் கொடுக்கிற கம்பனிகள் இருக்கின்றன. பெட்டி பிரிக்காமல் இருந்தால்தான் விலை. உள்ளுக்கு இருக்கிற கசட் வேலை செய்யுமா இல்லையா என்று வாங்கினவருக்கே தெரியாது. நாங்கள் பொறாமையில் சொல்லவில்லை (கொஞ்சம் பொறாமைதான்). ஆனால் யாரும் ஒருபோதும் விளையாடாத ஒன்றில் எதைக் காப்பாற்றுகிறோம்?

இன்னொரு வகைச் சேகரிப்பு விளையாட்டை ஓட விடுகிறது. 1997 பெப்ரவரியில் இத்தாலிக்காரர் நிக்கொலா சல்மோரியா வெளியிட்ட மேம் என்ற மென்பொருள் பழைய ஆர்கேட் மெஷின்களைக் கொம்பியூட்டருக்குள் அப்படியே நடிக்க வைக்கும். அதன் தொடக்கமே பக்மேன் மெஷினைப் போல நடிக்க வைத்துப் பார்த்ததுதான். நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 2012இல் முதல் தடவையாக 14 வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது பக்மேனும் அதில் ஒன்று. இருந்தும் நிலைமை நல்லாயில்லை. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதத்தை இன்று கடையில் வாங்கவே ஏலாது.

பக்மேன் அந்த 87இல் இல்லை. அது அழியப் போவதுமில்லை. போனில் இருக்கிறது, புது மெஷின்களில் இருக்கிறது, பண்டாய் நம்கோ இன்றைக்கும் விற்கிறது. அப்படியென்றால் எங்கட 11 கள்ளப் பக்மேனையும் யாருக்காகப் பாதுகாக்கிறோம்? இதுக்கான பதில் எங்களுக்கு வவுனியாவில் ஒரு வீட்டில் கிடைத்தது.

எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்குத் தெரிந்த அன்ரி. மகன் சின்னதில் விளையாடின டிவி கேம் ஒன்று கிடக்கு என்று சொன்னாவாம். போனோம். A9 பாதை 2002இல் திறந்தபிறகு மகனுக்கு வாங்கிக் கொடுத்த மெஷின். மகன் இப்ப வெளிநாட்டில், பதினைந்து வருசத்துக்கு மேல். மெஷின் ஒரு பிளாஸ்டிக் பாக்கில் சுற்றி, பாக்கை ஒரு சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தா. மூன்று கசட்.

"தர மாட்டன் பிள்ளையள். அவன் வந்தாத் தேடுவான்" என்று முதலே சொல்லிவிட்டா. நாங்களும் கேட்கவில்லை. ஒருக்கா இயக்கிப் பார்த்து, துடைத்துத் தந்துவிட்டுப் போகலாமா என்று கேட்டோம். எங்கட பழைய டிவியைக் கொண்டு போயிருந்தோம். இரண்டாவது கசட்டில் பக்மேன் வந்தது.

நாங்கள் ஆளுக்கொரு தடவை விளையாடினோம். அன்ரி கதவுநிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "அங்கால போகாத, அந்த றோஸ் முன்னால வந்து மறிக்கும்" என்றா.

எங்களுக்கு ஒரு நிமிசம் கதை வரவில்லை. "அன்ரி விளையாடி இருக்கிறியளா?"

"பின்ன? அவன் பள்ளிக்கூடம் போனாப் பிறகு நான் என்ன செய்யுறது? சமையல் முடிய ஒரு மணித்தியாலம். அவருக்கும் தெரியாது."

கொன்ட்ரோலரைக் கொடுத்தோம். முதல் தடவை சரியாக வரவில்லை, கை வழங்கவில்லை என்று சிரித்தா. இரண்டாவது தடவை இடப்பக்கம் கீழே இறங்கி, மூலைப் பெரிய புள்ளியை விட்டுவைத்து, பேய்கள் கிட்ட வரும்வரை அதுக்குப் பக்கத்திலேயே காத்து நின்றா. மூன்று பேய் சேர்ந்தபிறகு போய் விழுங்கினா. 200, 400, 800. செம்மஞ்சள் பேய் வரும்போது மட்டும் அசையவே இல்லை. "இது வராது, திரும்பிப் போயிடும்" என்றா. எட்டுக் கட்டக் கணக்கை நாங்கள் வாசித்துத் தெரிந்துகொண்டோம். அன்ரி இருபது வருசத்துக்கு முன்னமே ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்திருக்கிறா.

பொம்பிளையளும் வந்து விளையாட வேணும் என்று டோக்கியோவில் ஒருவர் 1980இல் செய்த விளையாட்டு, பெயர் அழிக்கப்பட்டு, நிறம் மாறி, உரிமை இல்லாத கசட்டாக வந்து, வவுனியாவில் ஒரு வீட்டில் அவர் நினைத்த ஆளிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. முறையான வழி எதுவும் அந்த வீட்டுக்கு வந்ததில்லை. அந்தக் காலத்தில் இங்கே அசல் கசட்டை எந்தக் கடையில் வாங்குவது? யார் வாங்கியிருப்பார்கள்? எங்களோடு சண்டை பிடித்த நண்பன் வரும் வழியில் பஸ்ஸில் சொன்னான்: "கொப்பி கள்ளம்தான். ஆனா அன்ரி விளையாடினது அசல்." அவன் இன்னும் கள்ளக் கசட்டைப் புகழ மாட்டான். ஆனால் எங்கட கொப்பியில் முதலாவது பக்கத்தை எழுதினது அவன்தான்.

அந்தக் கொப்பிதான் இப்ப எங்கட உண்மையான சேகரிப்பு. ஒவ்வொரு கசட்டுக்கும் ஒரு பக்கம். எந்த ஊர், எப்ப வாங்கினது, எங்கே, என்ன விலை. ஆர் விளையாடினது, ஆருக்குத் தெரியாமல் விளையாடினது. வீட்டுச் சட்டம் என்ன: ஒரு உயிர் போனால் மாற வேணுமா, கட்டம் முடிந்தபிறகு மாற வேணுமா. கரண்ட் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும். அந்த விளையாட்டுக்கு அந்த வீட்டில் என்ன பெயர். பக்மேனுக்கு மட்டும் இதுவரை 'வட்டத்தலை', 'வாயன்', 'பேய் கேம்', 'மஞ்சள் பந்து' என்று எழுதி வைத்திருக்கிறோம். இதில் ஒன்றும் எந்தக் கசட்டுக்குள்ளும் இல்லை. அந்தக் கசட்டுகளில் எதையும் சேமித்து வைக்கிற வசதி இல்லை. சுவிட்சை நிறுத்தினால் எடுத்த ஸ்கோரும் போய்விடும். அன்ரி எத்தனை ஆயிரம் தடவை விளையாடினாலும் அந்தக் கசட்டில் அவவின் அடையாளம் ஒன்றும் இருக்காது. எல்லாம் அவவின் கையில்தான் இருந்தது. அவ ஒருக்காத் திரும்ப விளையாடினதால்தான் எங்களுக்கும் தெரிந்தது.

அதனால்தான் அவசரமும். இந்தக் கசட்டுகளில் கனக்கவற்றுக்குள் சிப்புக்குப் பதிலாகத் தார் பொட்டு மாதிரி ஒரு கறுப்புக் கட்டிதான் இருக்கும். அது செத்தால் திருத்த ஏலாது. துவக்கை நீட்டி வாத்துச் சுடுகிற விளையாட்டு இப்பத்தைய தட்டை டிவியில் வேலையே செய்யாது; பழைய டிவி படம் கீறுகிற முறையை நம்பித்தான் அந்தத் துவக்கு ஓடும். பழைய டிவி திருத்துகிற ஆக்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். எங்கட டிவியும் சூடாக அரை மணித்தியாலம் எடுக்குது. ஆனாலும் மெஷினை விட வேகமாகப் போவது ஆக்களின் ஞாபகம். "அதெல்லாம் ஆருக்கு ஞாபகம்" என்று தொடங்குகிற ஆக்கள்தான் கொன்ட்ரோலர் கையில் கிடைத்தவுடனே கதைக்கத் தொடங்குவார்கள். கொன்ட்ரோலர் இல்லாமல் கேட்டால் அந்தக் கதை வெளியில் வராது.

எங்களுக்குக் காசு இல்லை, கண்ணாடி அலுமாரி இல்லை, இந்தக் கசட்டுகளை விற்றால் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசும் வராது. அதனால் எதையும் பிரிக்காமல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வருகிற விடுமுறையில் மன்னார் பக்கமும் திருகோணமலைப் பக்கமும் போக யோசித்திருக்கிறோம். டிவியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவது எப்படி என்பதுதான் இப்போதைய பிரச்சினை.

உங்கட வீட்டிலும் ஒன்று கிடந்தால் எங்களுக்குத் தர வேணுமென்று இல்லை. துடைத்து, ஒருக்காச் செருகிப் பாருங்கோ. ஆர் விளையாடினது என்று கேட்டு எழுதி வையுங்கோ. அண்ணாவிட்டை, மாமாவிட்டை பிறகு கேட்கலாம். முதல் அம்மாவிட்டைக் கேளுங்கோ.